பின்னால் டிரெய்லர், முன்னால் கொண்டை ஊசி: பிக்கப் தொல்லை கொடுத்தால் எங்கே பார்ப்பது?

மேட்டுப்பாளையத்தில் டீக்கடைப் பக்கம் வண்டியை நிறுத்தினால் டிரெய்லரைச் சுற்றி நாலு பேர் வந்துவிடுவார்கள். கேள்வி ஒன்றுதான்: "இதையும் இழுத்துக்கிட்டு வண்டி மலை ஏறுமுங்களா?" ஏறும். இப்போது வருகிற டீசல் பிக்கப் எதுவானாலும் 900 கிலோ டிரெய்லரை ஊட்டி வரை இழுத்துவிடும், கொஞ்சம் முனகும், அவ்வளவுதான். இறங்குமா என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. எனக்கு வந்த தொல்லையில் முக்கால்வாசி இறங்கும்போது வந்ததுதான்.

என்னுடையது பழைய 2.5 லிட்டர் இசுஸூ வி-கிராஸ் பிக்கப். பின்னால் கோவைப் பக்கம் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்த சின்ன டிரெய்லர்: இரண்டு பேர் படுக்க இடம், பின்கதவைத் தூக்கினால் அடுப்பு, அச்சுக்கு முன்னால் 60 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. வீடு கோத்தகிரிப் பக்கம் என்பதால் மாதம் ஒரு தடவையாவது இதைக் கட்டிக்கொண்டு இறங்கி ஏற வேண்டியிருக்கிறது. வண்டி என்ன செய்தால் எங்கே கை வைக்க வேண்டும், வாங்கும்போது சேல்ஸ் ஆள் சொன்ன வசதிகளில் எது அந்த நேரத்தில் உதவுகிறது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படிக்கத் தேவையில்லை, உங்கள் வண்டியின் நோவு எதுவோ அந்த இடத்துக்குப் போங்கள். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

இறக்கத்தில் கருகல் வாசனை, பிரேக் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போகிறது

இப்போதே நடந்துகொண்டிருந்தால்: மிதியை விட்டுவிட்டு வேகமாக இரண்டு மூன்று தடவை அடித்துப் பாருங்கள், ஒரு கியர் குறையுங்கள், டிரெய்லருக்குத் தனி பிரேக் கண்ட்ரோலர் இருந்தால் அதைக் கையால் அழுத்துங்கள், மலைப்பக்கமாக ஒதுங்குங்கள். பள்ளத்துப் பக்கம் இடம் அகலமாகத் தெரிந்தாலும் அங்கே போகாதீர்கள். நின்றதும் சக்கரங்களுக்குக் கல் கொடுங்கள், ரிவர்ஸ் கியரில் விட்டு எஞ்சினை அணையுங்கள். கொதிக்கிற டிரம்மில் கைப்பிரேக்கை இறுக்கிப் போட வேண்டாம், தண்ணீரும் ஊற்ற வேண்டாம், விரிசல் விடும். அரை மணி முக்கால் மணி உட்கார்ந்திருங்கள். குரங்குகளிடமிருந்து பிஸ்கட்டைக் காப்பாற்றுவதிலேயே நேரம் போய்விடும்.

ஏன் இப்படி ஆகிறது என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் தானாக வரும். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் சுமார் 320. வண்டியும் டிரெய்லரும் சேர்த்து 3 டன் என்றால், அந்த 1,500 மீட்டரில் இறங்கும்போது வெளியே போக வேண்டிய சக்தி மின்சாரக் கணக்கில் 12 யூனிட். ஆயிரம் வாட் அயர்ன் பாக்ஸை 12 மணி நேரம் எரிய விட்டால் வருகிற சூடு அது. நாம் அதை ஒரு மணி நேரத்தில் இறக்குகிறோம். கொஞ்சத்தைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும், மீதியை ஒன்று எஞ்சின் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் லைனர் வாங்க வேண்டும்.

மிதி எப்படி இருக்கிறது என்பதை வைத்தே காரணத்தைப் பாதி பிடித்துவிடலாம். பஞ்சு மாதிரி உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் விழுந்திருக்கிறது. கல் மாதிரி இறுகி, எவ்வளவு மிதித்தாலும் வண்டி பிடிக்கவில்லை என்றால் லைனர் சூட்டில் வழுவழுத்துப் போயிருக்கிறது, அல்லது பூஸ்டருக்கு (மிதிக்கிற காலுக்குப் பலம் கூட்டிக் கொடுக்கும் பாகம்) வேக்குவம் வரவில்லை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. டாட் 3 என்ற ரகம் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை தாங்கும், ஈரம் ஏறியபின் 140 டிகிரியிலேயே கொதித்துவிடும். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. வருஷத்தில் பாதி நாள் மூடுபனியில் நிற்கும் வண்டிக்கு இது சின்ன விஷயம் இல்லை. நான் வண்டி வாங்கியபோது டப்பாவுக்குள் இருந்தது காபி டிகாஷன் நிறத்தில் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள், வண்டியின் புத்தகம் அனுமதித்தால் டாட் 4 போடுங்கள்.

பூஸ்டர் பற்றி இன்னொன்று. ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். பூஸ்டர் அந்தக் காற்றின் பலத்தில்தான் நம் காலுக்கு உதவுகிறது, அதனால் மேலே மிதி கொஞ்சம் கனமாகத் தெரிவது நோவு இல்லை. எஞ்சினை அணைத்தால் மிச்சம் இருக்கிற வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்கு வரும், அதோடு சரி. டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் போகாதீர்கள், பின்னாலும் போகாதீர்கள்.

பழைய லாரிக்காரர்கள் சொல்வது, எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரிலேயே இறங்கு. டிரெய்லர் இருந்தால் அதிலும் ஒன்று குறைத்துக்கொள்ளுங்கள். குன்னூர்–மேட்டுப்பாளையம் பாதையில் பர்லியாருக்கு மேலே இரண்டாவது கியர், கொண்டை ஊசியில் தேவைப்பட்டால் முதல் கியர். வேகம் ஏறினால் பிரேக்கை அழுத்தமாக மிதித்து இறக்கிவிட்டு, காலை முழுக்க எடுத்துவிடுங்கள். லேசாகக் காலை வைத்துக்கொண்டே இறங்குவதுதான் லைனரைத் தீய்ப்பது. ஆட்டோமேட்டிக் வண்டியை 'டி' (டிரைவ்) நிலையிலேயே விட்டால் இறக்கத்தில் அது தானாக மேல் கியருக்குப் போய் உங்களைத் தவிக்க விடும், மேனுவல் மோடுக்கு மாற்றிப் பிடித்து வையுங்கள். அமெரிக்கப் பிக்கப்புகளில் டோ-ஹால் மோடு என்று ஒரு பட்டன் இருக்கிறது, பிரேக்கைத் தொட்டதும் தானாகக் கியரைக் குறைத்துப் பிடித்துக்கொள்ளும். டிரெய்லர் இழுப்பவனுக்கு இதுதான் உண்மையான வசதி. பாட்டுப் பெட்டியும் சன்ரூஃபும் அப்புறம்.

மலை இறக்க உதவி என்று வி-கிராஸிலும் ஹைலக்ஸிலும் வருகிற வசதியைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். பட்டனைத் தட்டினால் வண்டி தானாக மெதுவாக இறங்கும், காலுக்கு ஓய்வு. ஆனால் அது பிடிப்பது அதே பிரேக்கைத்தான். சேறும் சரளையுமான எஸ்டேட் பாதையில் இருநூறு மீட்டர் இறங்க அருமையான சாமான், காட் ரோடு முழுக்க அதை நம்பினால் சூடு ஒரு டிகிரிகூடக் குறையாது.

டிரெய்லரின் சொந்த பிரேக்குக்கு வருகிறேன், என் கதை இங்கேதான் இருக்கிறது. நம் ஊர்ச் சின்ன டிரெய்லர்களுக்குப் பிரேக் வைத்தால் பெரும்பாலும் தள்ளு பிரேக்தான், அதாவது வண்டி மெதுவாகும்போது டிரெய்லர் முன்னால் வந்து இடிக்கும், அந்த இடியே கம்பியை இழுத்து பிரேக் போடும். சமவெளியில் ஒரு குறையும் இல்லை. இறக்கத்தில் டிரெய்லர் முழு நேரமும் முதுகில் இடித்துக்கொண்டே வரும், பிரேக்கும் முழு நேரமும் உரசிக்கொண்டே இருக்கும். முதல் வருஷம் பர்லியார் தாண்டும்போது எதிரே ஏறி வந்த லாரியிலிருந்து கிளீனர் தலையை நீட்டி, "அண்ணே, பின்னாடி வீலைப் பாருங்க, புகையுது!" என்று கத்தினார். நிறுத்திப் பார்த்தால் இடது சக்கரத்திலிருந்து மெல்லிசாக நீலப் புகை. ஆறிய பிறகு ஜாக்கி போட்டுத் தூக்கிச் சுற்றினேன், அரைச் சுற்று வரவில்லை. பட்டறையில் கம்பியை இறுக்கமாகவே கட்டி அனுப்பியிருக்கிறார்கள். சக்கரம் கையால் சுற்றினால் தாராளமாகச் சுற்ற வேண்டும், லேசான சரசர சத்தம் மட்டும் கேட்கலாம், அதுதான் அளவு. அடுத்த வருஷமே மின்சார பிரேக்குக்கு மாறினேன். டேஷ்போர்டில் சின்னக் கண்ட்ரோலர், எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதை விரலால் திருப்பிக்கொள்ளலாம்.

டிரெய்லருக்குத் தனி பிரேக் எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பக்கத்திலேயே ஓடுகிற மலை ரயிலைக் காட்டுகிறேன். 1899-லிருந்து கல்லாறு–குன்னூர் ஏற்றத்தில், 12.5 அடி போனால் ஓர் அடி ஏறுகிற பாதையில், எஞ்சின் கீழ்ப்பக்கம்தான் இருக்கிறது, ஏறும்போது தள்ளும், இறங்கும்போது தாங்கும். அது போதாதென்று பெட்டிக்குப் பெட்டி பிரேக் பிடிக்க ஆள் நிற்கிறார். ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேல் போனால் டிரெய்லருக்குச் சொந்த பிரேக் கட்டாயம். நான் இந்த மலைக்கு 500 கிலோவிலேயே போடச் சொல்வேன்.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையை டிரெய்லரோடு நினைக்கவே வேண்டாம். 36 கொண்டை ஊசிகள், டிஎன் 43 (நீலகிரிப் பதிவு எண்) இல்லாத வண்டியை ஊட்டியிலிருந்து அந்த வழியாக இறங்க விடுவதும் இல்லை. மசினகுடி போக வேண்டுமானால் கூடலூர் சுற்றிப் போங்கள், முதுமலை வழியில் இரவு 9 முதல் காலை 6 வரை பாதை மூடியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஸ்டீயரிங் லேசாகிவிட்டது, ஹெட்லைட் மரக்கிளையைப் பார்க்கிறது

பின்பக்கம் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். டிரெய்லரின் மூக்கு, ஹிட்ச் (பிக்கப்பின் பின்னால் டிரெய்லரை மாட்டும் இடம்) மேல் 90 கிலோ அழுத்தினால் பின் அச்சுக்கு 90 கிலோதான் கூடும் என்று நினைப்போம். ஹிட்ச் பின் அச்சுக்குச் சுமார் 1.2 மீட்டர் பின்னால் தொங்குகிறது, வி-கிராஸின் இரண்டு அச்சுக்கு நடுவே 3.095 மீட்டர். சீசா பலகை ஆடுவது மாதிரி, முன் அச்சிலிருந்து 35 கிலோ தூக்கிவிடும், பின் அச்சில் 125 கிலோ ஏறும். அதோடு பிக்கப்பின் பின்தொட்டியில் விறகு, ஜெனரேட்டர், மைத்துனர் குடும்பத்தின் பெட்டிகள். மழையில் நனைந்த வளைவில் முன் டயர் நேராக வழுக்குவது இதனால்தான்.

மூக்கு எடையை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். வீட்டில் எடை பார்க்கும் மெஷின் மேல் ஒரு மரக்கட்டை, அதன் மேல் டிரெய்லரின் மூக்கு, தரை சமமாக இருக்க வேண்டும், டிரெய்லர் பயணத்துக்குப் போகிற மாதிரியே முழு லோடோடு இருக்க வேண்டும். மொத்த எடைக்கு மேட்டுப்பாளையத்தில் ஏதாவது ஓர் எடை மேடையில் ஏற்றிவிடுங்கள். மூக்கு எடையும் பிக்கப்பின் லோடு கணக்கில்தான் சேரும், தனி இல்லை.

அப்புறம் சரி செய்வது: கனமான சாமானைப் பின்தொட்டியின் முன்பக்கம், கேபினை ஒட்டி வையுங்கள். பின் ஸ்பிரிங் பட்டை அடியில் ஒரு கூடுதல் பட்டை வைத்தால் உட்காராது, ஆனால் காலியாக ஓட்டும்போது இடுப்பு ஒடியும். மாதம் ஒரு முறை இழுப்பவர்களுக்குப் பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக வைக்கும் காற்றுப் பை நல்லது, வேண்டும்போது காற்றை ஏற்றிக்கொள்ளலாம். ஸ்டீயரிங்குக்கு வலப்பக்கமோ இடப்பக்கமோ 0 முதல் எண் போட்ட சின்னச் சக்கரம் இருக்கும், ஹெட்லைட்டை இறக்குவதற்கு. பாதிப் பேர் அதைத் தொட்டதே இல்லை. மூடுபனியில் ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், டிம்மும் ஃபாக் விளக்கும் போதும்.

டிரெய்லர் வாலாட்டுகிறது

இது பெரும்பாலும் மலையில் வராது, மலை இறங்கி முடித்த நிம்மதியில் நேர்ச்சாலையில் 80-ஐத் தொடும்போது வரும். முதலில் லேசாக ஒரு ஆட்டம், அப்புறம் அது பெரிதாகிக்கொண்டே போகும். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். பிக்கப்பின் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது, வேகத்தைக் கூட்டி நேராக்கலாம் என்பதும் கூடாது. கண்ட்ரோலர் இருந்தால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் கொடுங்கள், பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி நேராகிவிடும்.

காரணம் பத்துக்கு எட்டு தடவை மூக்கு லேசாகிப் போனதுதான். கோவையில் இருக்கும் அக்காவுக்குக் கேத்தியிலிருந்து 50 கிலோ கேரட் மூட்டை ஒன்றைப் பின்பக்க அடுப்பு மேடையில் வைத்துக்கொண்டு போனேன். அச்சிலிருந்து மூட்டை 1.5 மீட்டர் பின்னால், ஹிட்ச் 2.5 மீட்டர் முன்னால். மூக்கிலிருந்து 30 கிலோ போச்சு. அச்சுக்கு ஒரு மீட்டர் முன்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியை மேலேயே காலி செய்துவிட்டிருந்தேன், அதில் இன்னும் 24 கிலோ. 75 கிலோ இருந்த மூக்கு 21 கிலோவில் வந்து நிற்கிறது, 900 கிலோ டிரெய்லருக்கு. காரமடை தாண்டியதும் ஆட ஆரம்பித்தது. அமெரிக்காவில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் மூக்கில் இருக்கட்டும் என்பார்கள், ஐரோப்பாவில் 5 முதல் 7 போதும் என்பார்கள். அங்கே டிரெய்லர் வேகமும் வடிவமும் வேறு. நான் 8-க்குக் கீழே விடுவதில்லை, ஹிட்ச்சுக்கு எழுதியிருக்கிற உச்ச எடையைத் தாண்டுவதும் இல்லை.

சில புதிய வண்டிகளில் டிரெய்லர் ஆட்டத்தைக் கண்டுபிடித்து ஒவ்வொரு சக்கரமாகப் பிரேக் கொடுத்து அடக்கும் ஏற்பாடு உண்டு. இருந்தால் நல்லதுதான். கேரட் மூட்டையை அது நகர்த்தி வைக்காது.

எடை சரியாக இருந்தும் ஆடினால் டிரெய்லர் டயர் காற்றைப் பாருங்கள், இரண்டு பக்கமும் ஒரே அளவா என்று.

ஹிட்ச்சில் கடகட சத்தம்

கப்ளர் (ஹிட்ச் உருண்டையைக் கவ்வுகிற டிரெய்லர் மூக்கின் வாய்) தேய்ந்திருக்கும், அல்லது உருண்டை அளவு பொருந்தவில்லை. உருண்டையின் தலையிலேயே அளவு பொறித்திருக்கும், படித்துப் பாருங்கள். 50 மில்லிமீட்டர் ஒன்று, இரண்டு அங்குலம் என்பது 50.8, பழைய அமெரிக்க அளவு ஒன்று 47.6. கடைசி அளவின் மேல் 50 கப்ளர் அழகாகப் பூட்டிக்கொள்ளும், ஒரு பெரிய குழியில் அழகாகக் கழன்றும் வந்துவிடும். பூட்டிய பிறகு முன்னாலுள்ள சின்னச் சக்கரத்தைச் சுற்றி டிரெய்லர் மூக்கைத் தூக்குங்கள், பிக்கப்பின் பின்பக்கம் சேர்ந்து எழும்ப வேண்டும். எழும்பாமல் கப்ளர் மட்டும் கையோடு வந்தால் வீட்டு வாசலிலேயே தெரிந்ததற்குச் சந்தோஷப்படுங்கள்.

ஏற்றத்தில் வெப்ப முள் மேலே போகிறது

ஏசியை அணையுங்கள், ஹீட்டரை முழுக்கத் திறந்து ஜன்னலை இறக்குங்கள், ஒரு கியர் குறைத்து எஞ்சினைக் கொஞ்சம் வேகமாகச் சுற்ற விடுங்கள். மூன்றாவது கியரில் முக்கிக்கொண்டு ஏறுவதைவிட இரண்டாவதில் 2,500 சுற்றில் ஏறினால் விசிறியும் பம்ப்பும் நன்றாக வேலை செய்யும். அப்படியும் ஏறினால் ஓரம் கட்டுங்கள், ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டில் திறக்காதீர்கள். ஊட்டி உயரத்தில் பச்சைத் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். அதைக் கொதிக்காமல் வைத்திருப்பது கூலண்டும் மூடியின் அழுத்தமும்தான். மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் கீழே சமவெளியில் ஒன்றும் தெரியாது, குன்னூர் வரும்போது பொங்கும். சின்னச் சாமான், பெரிய ரேடியேட்டரை மாற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

ஆட்டோமேட்டிக் மூன்றுக்கும் நாலுக்கும் மாறி மாறித் தடுமாறினால் கியர்பாக்ஸ் ஆயில் வெந்துபோகும், மேனுவல் மோடில் மூன்றிலேயே பிடித்து வையுங்கள். மேலே போய் நிறுத்தியதும் சாவியை உடனே திருப்ப வேண்டாம், ஒரு நிமிஷம் ஓட விடுங்கள், டர்போ ஆறட்டும்.

கல்லாறில் இ-பாஸ் பார்க்கும் வரிசையில் ஏற்றத்தில் நின்று நின்று கிளட்ச் நாறினால் அது வண்டியின் குறை இல்லை. கிளட்ச்சில் பிடித்து நிற்காதீர்கள். மலை ஏற்றத்தில் பின்னால் உருளாமல் ஓரிரு நொடி பிரேக்கைப் பிடித்து வைக்கும் வசதி இதற்காகவே இருக்கிறது, டிரெய்லர் இருக்கும்போது அதோடு கைப்பிரேக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வளைவில் திரும்பும்போது வண்டி தடக் தடக் என்று முரண்டு பிடிக்கிறது

4எச்சில், அதாவது நாலு சக்கரமும் இழுக்கிற நிலையில், ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். நாலு சக்கரமும் இழுத்தால் பாதுகாப்பு என்று காய்ந்த தார் ரோட்டில் போட்டு வைப்பவர்கள் உண்டு. நம் பிக்கப்புகளில் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது, கொண்டை ஊசியில் முன் அச்சும் பின் அச்சும் வேறு வேறு தூரம் ஓட வேண்டும், ஓட விடாமல் இரண்டையும் கட்டிப் போட்டால் ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும். இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கிற 2எச்சுக்கு வாருங்கள். சேற்றில், சரளையில், கேம்ப் போடும் புல்மேட்டில் மட்டும் நாலு வீல். ஈரப்புல்லில் டிரெய்லரை வெளியே எடுக்க 4எல் (நாலு வீலின் தாழ்ந்த கியர்) கையில் இருந்தால் கிளட்ச் பிழைக்கும், அந்த ஒரு வேலைக்கே நாலு வீல் வண்டி வாங்கலாம்.

டிரெய்லரின் உள்சக்கரம் வளைவில் ஓரக்கல்லில் ஏறினால் நீங்கள் சீக்கிரம் திருப்புகிறீர்கள். பிக்கப்பின் முன்பக்கத்தை வெளிப்பக்கம் நன்றாக விட்டு, தாமதமாகத் திருப்புங்கள், எதிரே ஏறி வரும் வண்டி தெரிந்தால் வளைவுக்கு முன்பே நின்று அதை விடுங்கள், ஏறுகிறவருக்குத்தான் முதல் உரிமை. நீட்டி வைக்கிற கண்ணாடி இரண்டு வாங்கிவிடுங்கள்.

பிரேக் மிதித்தால் டிரெய்லரில் இண்டிகேட்டரும் சேர்ந்து எரிகிறது

இதற்காகப் பல்பு மாற்றி, ஃபியூஸ் மாற்றி, ரிலே மாற்றி, கடைசியில் எலக்ட்ரீசியனிடம் ஒரு நாள் முழுக்கக் கழித்தவன் நான். எர்த் இல்லை என்பதுதான் விஷயம். திரும்பிப் போக வழி இல்லாத கரண்ட் பக்கத்து பல்பு வழியாகப் புகுந்து போகிறது, அதனால்தான் ஒன்றைப் போட்டால் மற்றொன்று மங்கலாகக் கண் சிமிட்டுகிறது.

ஏழு பின் பிளக்கைக் கழற்றுங்கள். ஐரோப்பிய வயரிங் என்றால் 1 இடது இண்டிகேட்டர், மஞ்சள். 2 ஃபாக், நீலம். 3 எர்த், வெள்ளை. 4 வலது இண்டிகேட்டர், பச்சை. 5 வலது டெயில், பழுப்பு. 6 பிரேக், சிவப்பு. 7 இடது டெயில், கறுப்பு. நம் பட்டறைகளில் கையில் கிடைத்த வயரைப் போடுவார்கள் என்பதால் நிறத்தை நம்பாமல் எண்ணை நம்புங்கள். என் பிளக்கில் மூன்றாம் எண் திருகைக் கழற்றியதும் வயர் தானாக வெளியே வந்துவிட்டது. செம்பு இழைகள் முழுக்கப் பச்சைக் களிம்பு, விரலில் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது, ஏழெட்டு இழைகளில் இரண்டுதான் மிச்சம். இந்த ஊர் ஈரம் அப்படி. அரை அங்குலம் வெட்டி, புது இழையை முறுக்கி, திருகி, வாசலின் தடவி மூடினேன், மொத்தச் செலவு பூஜ்யம். எர்த்தின் அடுத்த முனை டிரெய்லர் சட்டத்தில் போல்ட் போட்டிருக்கும், அங்கே பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு பளபளக்க வைத்துப் பூட்டுங்கள்.

டிரெய்லர் விளக்கு எல்இடியாக இருந்து இண்டிகேட்டர் படபடவென்று வேகமாக அடித்தால், வண்டி பல்பு ஃபியூஸ் போனதாக நினைக்கிறது. டிரெய்லர் வயரிங்குக்கென்று வரும் தனி மாடுல் வைத்தால் சரியாகும், பிக்கப்பின் டெயில் லைட் வயரைக் கத்தியால் கீறிச் சேர்க்க விடாதீர்கள்.

ரிவர்ஸில் டிரெய்லர் நகர மறுக்கிறது

தள்ளு பிரேக்காரர்களுக்கு மட்டும். பின்னால் தள்ளும்போது டிரெய்லருக்கு அது பிரேக் போடச் சொல்வதாகத்தான் தெரியும், அதுவும் மேட்டில் என்றால் சுத்தமாகப் பூட்டிக்கொள்ளும். கப்ளர் பக்கத்தில் மடக்குகிற ஒரு தாழ் இருக்கும், அதைப் போட்டுவிட்டு ரிவர்ஸ் எடுங்கள், முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். தானாக விட்டுக்கொடுக்கிற புது மாதிரி இருந்தும் நகரவில்லை என்றால் கம்பி இறுக்கம்தான்.

நிறுத்தித் தொட்டால் டிரெய்லர் ஹப் சுடுகிறது

ஒவ்வொரு நிறுத்தத்திலும் புறங்கையை ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) பக்கம் கொண்டுபோவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். இறங்கி வந்த உடனே இரண்டும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்தால் சரி. ஏறி வந்த பிறகு, பிரேக்கே தொடாத பாதையில், ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் அந்தப் பக்கம் பேரிங் இறுகியிருக்கிறது அல்லது கிரீஸ் போயிருக்கிறது அல்லது பிரேக் பிடித்தபடி இருக்கிறது. ஜாக்கியில் தூக்கிச் சுற்றுங்கள். கரகரவென்றால் பேரிங், விட்டு விட்டு உரசினால் டிரம். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தளதளவென்று ஆடினால் தளர்ந்திருக்கிறது. ஒரு செட் பேரிங், ஆயில் சீல், கொஞ்சம் கிரீஸ் எப்போதும் வண்டியில் இருக்கட்டும், டிரெய்லருக்கு எந்த வண்டியின் பேரிங் போட்டிருக்கிறார்கள் என்று செய்தவரிடமே கேட்டு எழுதி வையுங்கள், அவருக்கே மறந்துபோகும். சக்கரம் கழற்றி மாட்டினால் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள்.

நாள் முழுக்க ஓட்டியும் டிரெய்லர் பாட்டரி ஏறவில்லை

வயர் மெலிசு. முன்னாலிருந்து டிரெய்லர் பாட்டரி வரை 8 மீட்டர், போக வர 16. அதில் 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 10 ஆம்பியர் போனால் வழியிலேயே 1.1 வோல்ட் செத்துவிடும், ஆல்டர்னேட்டர் 14.2 கொடுத்தாலும் பாட்டரிக்கு வருவது 13.1. அதை வைத்து ஏறுவது ரொம்ப மெதுவாகத்தான் இருக்கும். 10 சதுர மில்லிமீட்டர் வயர் போடுங்கள், இரண்டு முனையிலும் ஃபியூஸ். புது வண்டிகளில் ஆல்டர்னேட்டரே நினைத்தபோது வோல்ட்டைக் குறைத்துக்கொள்ளும், அதற்கு டிரெய்லரில் டிசி-டிசி சார்ஜர் (வருகிற வோல்ட்டைப் பாட்டரிக்குத் தேவையான அளவுக்கு மாற்றித் தரும் பெட்டி) தான் வழி. லித்தியம் பாட்டரி வைத்திருப்பவர்கள் ஜனவரியில் ஊட்டியில் புல்மேல் உறைபனி படிந்திருக்கும் காலையில் எஞ்சினைப் போட்டுச் சார்ஜ் ஏற்ற வேண்டாம், பூஜ்யம் டிகிரிக்குக் கீழே ஏற்றினால் அந்த பாட்டரி கெட்டுவிடும். வெயில் வரட்டும்.

கழற்றும்போது டிரெய்லர் உருளப் பார்க்கிறது

மலையில் சமமான இடம் என்று நமக்குத் தோன்றுவது எதுவும் சமம் கிடையாது. கீழ்ப்பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் கல் கொடுத்து, காலால் அழுத்திப் பார்த்த பிறகு, டிரெய்லர் கைப்பிரேக். அப்புறம் முன் சக்கரத்தை இறக்கி மூக்கின் எடையை அதில் வாங்குங்கள். பிளக், பிரேக் வயர், கப்ளர். பிக்கப்பை ஒரு சாண் முன்னால் நகர்த்தி, டிரெய்லர் கல்லில் உட்கார்கிறதா என்று பாருங்கள், சங்கிலி அதுவரை பூட்டியபடியே இருக்கட்டும்.